ரெஸ்யூமே எங்கே மக்கர் செய்கிறது? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

"ரெஸ்யூமே சரியில்ல போல, முழுசா மாத்திடலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே நிற்கிறது என்றுதான். அனுப்பிவிட்டுச் சத்தமே இல்லையா? பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்களா? சில நிமிடத்திலேயே ரிஜெக்ட் வருகிறதா? வேண்டாத வேலைக்கெல்லாம் கூப்பிடுகிறார்களா? இன்டர்வியூ வரை போய்த் திரும்புகிறதா? ஒவ்வொன்றுக்கும் கோளாறு இருக்கும் இடம் வேறு. போன் நம்பரில் ஓர் இலக்கம் பிசகியிருப்பவர் டெம்ப்ளேட்டை மாற்றி என்ன பயன்?

ஆள் எடுக்கும் மேசையில் சில வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு உறவு, நட்பு, கூட வேலை பார்த்தவர்கள், அவர்கள் அனுப்பிவைத்தவர்கள் என்று நிறையப் பேரின் ரெஸ்யூமேயைப் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறேன். திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிவதை முதலிலும், நாள்கணக்கில் வேலை வாங்குவதைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். உதாரண வரிகள் தமிழில் இருக்கின்றன. ரெஸ்யூமே எந்த மொழியில் இருந்தாலும் கோளாறு ஒன்றுதான்.

## கை வைப்பதற்கு முன் ஒரு தாள்

கடைசியாக அனுப்பிய பதினைந்து விண்ணப்பங்களை ஒரு தாளில் எழுதுங்கள். தேதி, என்ன வேலை, எந்தக் கோப்பை அனுப்பினீர்கள், எந்த வழியாக அனுப்பினீர்கள், எந்தக் கட்டத்தில் நின்றது. இந்த ஐந்தும் போதும். பலருக்கு இதை எழுதும்போதே பாதி தெரிந்துவிடும்: "பதினைந்தில் ஒன்பது ஒரே தளத்தில் ஒரே பொத்தானை அழுத்தி அனுப்பியது" என்பது போல.

இன்னொன்று. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டால், போன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டாலும் எது கெட்டது என்று தெரியாது. விதிவிலக்கு ஒன்றுதான்: கீழே முதல் அறிகுறியில் உள்ள தொடர்பு விவரமும் கோப்பும். அவற்றை உடனே சரிசெய்துவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி: நாற்பது இடத்துக்கு அனுப்பியாச்சு, ஒரு போன்கூட இல்லை

தொடர்பு விவரம். நீங்கள் கடைசியாக அனுப்பிய மெயிலைத் திறந்து, அதில் இணைத்திருக்கும் கோப்பைத் திறங்கள். கணினியில் சேமித்திருப்பதைத் திறக்க வேண்டாம். அனுப்பியது எதுவோ அதுதான் முக்கியம். அதில் உள்ள நம்பரை எழுத்துக்கு எழுத்து பார்த்து வேறொரு போனிலிருந்து அடியுங்கள். மனப்பாடமாக அடித்தால் சரியாகத்தான் போகும், அதனால் பயனில்லை. மெயில் முகவரியையும் அப்படியே நகலெடுத்து அதற்கு ஒரு மெயில் போடுங்கள். படித்த கல்லூரி கொடுத்த முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்பட்டிருக்கலாம். ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். போனில் தெரியாத எண்களை ஒலிக்காமல் தடுக்கும் செட்டிங் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். விளம்பர அழைப்புத் தொல்லை தாங்காமல் அதைப் போட்டுவிட்டு மறந்துபோன இரண்டு பேரை எனக்குத் தெரியும். எச்ஆர் அழைப்பது எப்போதுமே தெரியாத எண்ணிலிருந்துதான்.

கோப்பு திறக்கிறதா? அதே கோப்பை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். ட்ரைவ் லிங்க் அனுப்பியிருந்தால், லாகின் இல்லாத ஜன்னலில் திறக்க வேண்டும். அனுமதி கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள். வேர்ட் கோப்பாக அனுப்பியிருந்தால், திருத்தக் குறிகளும் ஓரக் குறிப்புகளும் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றனவா என்று பாருங்கள். பிடிஎஃப் என்றால் பிரவுசரில் திறந்து, மேலே டேப்பில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். டெம்ப்ளேட்டின் பெயரோ, யாரிடம் வாங்கித் திருத்தினீர்களோ அவர் பெயரோ அங்கே நிற்கலாம். பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் இருந்த மூலக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் போய் அதை மாற்றி, மறுபடி பிடிஎஃப் ஆக்கிவிடலாம். கோப்புக்கு வைக்கும் பெயர் உங்கள் பெயரும் பதவியுமாக இருக்கட்டும். "ரெஸ்யூமே இறுதி 3 புதியது" என்று வந்தால் எடுத்து வைப்பவருக்குத்தான் சிரமம்.

இயந்திரத்தால் படிக்க முடிகிறதா? இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பெரிய நிறுவனங்களிலும் வேலைத் தளங்களிலும் உங்கள் ரெஸ்யூமே முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. பெரும்பாலும் அது உங்களைத் தானாகத் தூக்கி எறிவதில்லை. பெயர், நம்பர், பதவி, தேதி என்று பிரித்து அடுக்குகிறது. பிறகு எச்ஆர் அதற்குள் தேடுகிறார். பிரிப்பதில் கோளாறானால், தேடும்போது நீங்கள் வரமாட்டீர்கள்.

சோதனை எளிது. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். எதுவுமே தேர்வாகவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூமே வெறும் படம். போனில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியவர்களுக்கும், படம் வரையும் செயலியில் செய்து படமாக இறக்கியவர்களுக்கும் இப்படி ஆகும். ஒட்டியது தெரிந்தாலும், மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். இடப்பக்கம் நீலப் பட்டை, வலப்பக்கம் அனுபவம் என்று அழகாக அமைந்த ஒரு ரெஸ்யூமேயை ஒட்டியபோது எனக்குக் கிடைத்தது இது:

எக்செல் மேற்பார்வையாளர் பவர்பாயிண்ட் ஜூன் 2019 □ ★★★★ சரக்குப் பிரிவு மார்ச் 2023 மொழிகள்

இரண்டு பத்திகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. போன் படம் கட்டமாகிவிட்டது. நட்சத்திரம் போட்ட திறமை எதற்கு எத்தனை என்று தெரியவில்லை. நம்பரும் மெயிலும் வரவே இல்லை, ஏனென்றால் அவற்றை வேர்டின் ஹெடர் பகுதியில் போட்டிருந்தார்; சில மென்பொருள்கள் ஹெடரையும் ஃபுட்டரையும் படிப்பதில்லை. கண்ணுக்கு அவ்வளவு லட்சணமான பக்கம்!

இதற்குத் தீர்வு: பக்கத்தை இடம், வலம் என்று பிரிக்காமல், எல்லாம் ஒரே பத்தியாக மேலிருந்து கீழே. கட்டம், டெக்ஸ்ட் பாக்ஸ், திறமைக்கு நட்சத்திரம், சதவீதப் பட்டை எதுவும் வேண்டாம். பெயரும் நம்பரும் பக்கத்தின் உடலிலேயே முதல் இரண்டு வரி. தலைப்புகள் எல்லோரும் போடும் சாதாரணத் தலைப்புகள்: அனுபவம், கல்வி, திறன்கள். "என் பயணம்" என்று போட்டால் அது அனுபவம் என்று இயந்திரத்துக்குத் தெரியாமல் போகலாம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சில ஃபான்ட்களில் எஃப், ஐ என்ற இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே உருவாகிவிடும். பார்க்க அழகு, ஆனால் நகலெடுத்து ஒட்டினால் சில சமயம் இரண்டுமே காணாமல் போகும். ஃபைனான்ஸ் என்ற சொல் அந்த எழுத்துகளில்தான் தொடங்குகிறது. பத்து வருடம் ஃபைனான்ஸில் இருந்தவரின் ரெஸ்யூமேயில் ஃபைனான்ஸ் என்று தேடினால் கிடைக்காது. ஃபான்ட்டை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பதிவேற்றியவுடன் படிவம் தானாக நிரம்பும் தளம் ஏதாவது இருந்தால், அது இலவச சோதனைக்கூடம். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறது, எந்தக் கட்டத்தில் தப்பானது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே தெரிவதுதான் மறுபக்கமும் தெரியும். அப்புறம், தேடலில் வர வேண்டும் என்று வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். ஒட்டிப் பார்க்கும்போது அது அப்படியே வெளியே தெரியும். உண்மையாக எழுதிய மற்ற வரிகளையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

தகுதி. மேலே சொன்னதெல்லாம் சரி என்றால், தாளில் உள்ள பதினைந்து விளம்பரங்களையும் திரும்பத் திறந்து, "கட்டாயம்" என்று கேட்டிருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். பாதிக்கு மேல் உங்களிடம் இல்லாத விளம்பரங்களே அதிகம் என்றால் ரெஸ்யூமே மேல் குற்றமில்லை. குறி தப்பாக இருக்கிறது. எல்லாமே இருந்தால்தான் அனுப்ப வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு குறைந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

எப்போது ஆள் வேண்டும்? இந்த அறிகுறிக்கு எழுதித் தருகிறவர் தேவையில்லை. நோட்பேட் சோதனையில் தோற்று, வேர்டில் நீங்களே சரிசெய்ய முடியாவிட்டால், வேர்ட் நன்றாகத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

## அறிகுறி: "பார்க்கப்பட்டது" என்று காட்டுகிறது, அதோடு சரி

இயந்திரத்தைத் தாண்டிவிட்டீர்கள். மனிதர் ஒருவர் திறந்தார், மூடிவிட்டார். இனிமேல் கோப்பின் வடிவத்தைத் தொடாதீர்கள், எழுதியிருப்பதில்தான் கோளாறு.

முதல் கால்பக்கம். முதல் பக்கத்தின் மேல் கால்பகுதியை மட்டும் தெரியும்படி வைத்து, மற்றதைக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் இருபது விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். "நான் என்ன வேலைக்காரன்? எத்தனை வருடமாக?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அங்கே இருக்கிறது கோளாறு. பெரும்பாலும் அந்த இடத்தில் "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைக்க விரும்புகிறேன்" என்ற குறிக்கோள் பத்தி உட்கார்ந்திருக்கும். யார் பெயரை மேலே போட்டாலும் அந்தப் பத்தி பொருந்தும். அதை எடுத்துவிட்டு இரண்டு வரி போடுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், எந்த மாதிரி இடத்தில், இந்த வேலைக்குத் தேவையானதில் எது கையில் இருக்கிறது.

"நல்லா இருக்கே" என்று யாராவது சொன்னால் அதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

வரிசை. உங்களுக்குப் பெருமையானது மேலே, அவர்களுக்குத் தேவையானது கீழே என்று இருக்கிறதா பாருங்கள். லியனார்டோ டாவின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய பாலம், முற்றுகைக் கருவிகள், பீரங்கி, கவச வண்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கட்டடம், சிற்பம், ஓவியம் எல்லாம் கடைசியில்தான் வருகின்றன. போர் நெருக்கும் காலத்தில் ஆட்சியாளருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அடுக்கிய வரிசை அது. அவ்வளவு பெரிய ஓவியரே ஓவியத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார் என்று சொன்னால், முதல் பக்கம் முழுக்கச் சான்றிதழ் அடுக்கியவர்களும் யோசிப்பார்கள். விளம்பரத்தில் முதல் மூன்று வரியில் கேட்டிருப்பதற்கான பதில் உங்கள் முதல் கால்பக்கத்தில் இருக்க வேண்டும்.

வரிகளில் வேலை தெரியவில்லை. இதுதான் அதிக நேரம் பிடிப்பது, அதிகப் பலன் தருவதும் இதுதான். ஒரு பெண் ஸ்டோர் கீப்பராக இருந்தாள். நான்கு வருட அனுபவத்துக்கு அவள் எழுதியிருந்தது ஒரே வரி:

ஸ்டோர் பராமரிப்பு, சரக்கு வரவு, இருப்புக் கணக்கு ஆகிய பொறுப்புகளை ஏற்றுச் செய்தேன்.

"எத்தனை வகைச் சரக்கு?" என்று கேட்டேன். "ஆயிரத்து நானூறு இருக்கும்ணா." "ஸ்டாக் எடுக்கிறது எப்படி?" "முன்னாடி வருசத்துக்கு ஒரு தடவை. நாலு நாள் ஸ்டோரை மூடிட்டு எல்லாரும் எண்ணுவோம்." "இப்பவும் நாலு நாளா?" "இல்லண்ணா, இப்ப மூடறதே இல்ல. நான் தினமும் ஓர் அடுக்குன்னு எண்ணி எழுதி வெச்சிடறேன்ல." ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னாள். யார் அப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், மூடினால் உற்பத்திப் பிரிவு திட்டுகிறது என்று அவளே ஆரம்பித்ததாம். வரி இப்படி மாறியது:

1,400 வகைச் சரக்கு உள்ள ஸ்டோரில் தினமும் ஓர் அடுக்கு என எண்ணும் சைக்கிள் கவுன்ட் முறையைத் தொடங்கினேன். வருடாந்திரக் கணக்கெடுப்புக்காக 4 நாள் ஸ்டோரை மூடுவது நின்றது.

அவள் செய்துகொண்டிருந்ததற்கு சைக்கிள் கவுன்ட் என்று பெயர் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் விண்ணப்பித்த விளம்பரங்களில் பாதியில் அந்தச் சொல் இருந்தது. எச்ஆர் தேடுவதும் அந்தச் சொல்லைத்தான். விளம்பரத்தின் சொற்களை ரெஸ்யூமேயில் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; செய்த வேலைக்குத் துறையில் என்ன பெயர் என்று கண்டுபிடித்துப் போடுவதுதான் அதன் சரியான பொருள். செய்யாததைப் போடுவது கணக்கில் வராது.

உங்கள் ஒவ்வொரு வரியையும் இந்தக் கேள்விகளால் குடையுங்கள்: எத்தனை? எவ்வளவு நேரத்தில்? நான் வருவதற்கு முன் எப்படி இருந்தது? நான் போன பிறகு யாருக்குக் கஷ்டமாகும்? எண் கிடைக்காத வேலைகளும் உண்டு. அங்கே எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். "புதிதாகச் சேர்கிறவர்களை முதல் வாரம் என்னிடம்தான் அனுப்புவார்கள்" என்பதும் நல்ல வரிதான். "பொறுப்பு ஏற்றேன்", "ஈடுபட்டேன்", "உதவினேன்" என்று முடியும் வரிகளை எல்லாம் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அவை வேலையை மறைக்கிற சொற்கள்.

எப்போது ஆள் வேண்டும்? நீங்களே குடைந்தும் வரவில்லை என்றால், முதலில் உங்கள் துறையிலேயே உங்களைவிட ஐந்தாறு வருடம் மூத்த ஒருவரிடம் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளிலேயே வரிகள் கிடைத்துவிடும். பணம் கொடுத்து எழுத வைப்பது அதற்குப் பிறகுதான்.

## அறிகுறி: அனுப்பிய சில நிமிடத்தில் ரிஜெக்ட் மெயில்

அவ்வளவு வேகத்தில் மனிதர் படித்திருக்க வாய்ப்பு குறைவு. ரெஸ்யூமேயை விட்டுவிட்டு, விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் சொன்ன பதில்களைப் பாருங்கள். அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா, எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம், இடம் மாறத் தயாரா என்ற கேள்விகளில் சில, தவறான பதில் வந்தால் தானாகவே கழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் "இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டவர்கள் உண்டு. அனுபவக் கட்டத்தில் மாதக்கணக்கைக் கேட்க, வருடக்கணக்கை நிரப்பியவர்களும் உண்டு. சம்பளக் கட்டத்தில் ஒரு சைபர் கூடிப்போவதும் சாதாரணம்.

பதில்கள் எல்லாம் சரி, ஆனாலும் ரிஜெக்ட் என்றால், கேட்ட தகுதி உண்மையிலேயே உங்களிடம் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். பொய்ப் பதிலைப் போட்டுத் தாண்ட வேண்டாம். அடுத்த கட்டத்தில் கேட்பார்கள், அங்கே திரும்ப வேண்டியிருக்கும்.

## அறிகுறி: போன் வருகிறது, ஆனால் வேண்டாத வேலைக்கு

இது நல்ல அறிகுறி. உங்கள் ரெஸ்யூமே வேலை செய்கிறது, வேறு யாரையோ காட்டுகிறது, அவ்வளவுதான்.

பெயருக்குக் கீழே என்ன பதவி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் கடைசி வேலையின் பதவியை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். போக விரும்பும் வேலையின் பெயரை அங்கே போடுங்கள், கீழே அதற்கான ஆதாரம் இருக்கும் பட்சத்தில். சில நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் புழங்கும் பதவிப் பெயர்களைக் கொடுத்திருப்பார்கள். "நிலை இரண்டு அசோசியேட்" என்றால் வெளியில் யாருக்கும் புரியாது. கொடுத்த பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் கமா போட்டு, வழக்கமான பெயரையும் எழுதிவிடுங்கள். கொடுத்த பெயரை மாற்றிப் பெரியதாக்காதீர்கள், சரிபார்ப்பில் மாட்டும்.

அடுத்து, பழைய துறையின் சொற்கள் எத்தனை, புதிய துறையின் சொற்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கால் சென்டரிலிருந்து பயிற்சித் துறைக்கு மாற விரும்பிய ஒருவரின் பக்கத்தில் "அழைப்பு" என்ற சொல் பதினேழு இடத்தில் இருந்தது, "பயிற்சி" இரண்டே இடத்தில். ஆனால் அவர் ஒவ்வொரு மாதமும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்! அந்த வேலையை ஒவ்வொரு பதவியிலும் முதல் வரியாக மேலே ஏற்றினோம். லிங்க்ட்இன் பக்கத்திலும் வேலைத் தளங்களிலும் பழைய தலைப்பே நின்றுகொண்டிருந்தால் பழைய அழைப்புகள் வந்துகொண்டுதான் இருக்கும், அங்கேயும் மாற்றுங்கள்.

## அறிகுறி: இன்டர்வியூ வரை போகிறது, அங்கே நின்றுவிடுகிறது

முதல் கேள்வியிலேயே திணறுகிறீர்களா, கடைசிச் சுற்றில் நிற்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியிலேயே என்றால் ரெஸ்யூமேயில் உங்களால் தாங்க முடியாத வரி இருக்கிறது. யாரையாவது உங்கள் ரெஸ்யூமேயில் ஏதாவது ஒரு வரியில் விரல் வைக்கச் சொல்லுங்கள். அந்த வரியைப் பற்றி இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும்: என்ன பிரச்சினை வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. பத்து வரியில் இதைச் செய்துபாருங்கள். தடுமாறிய வரியை வெட்டுங்கள் அல்லது உண்மை அளவுக்குக் குறையுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றைக் கொண்டு எழுதியவர்களுக்கு இந்தச் சோதனை மிக அவசியம். இலக்கணத்தைச் சரிசெய்ய அது நல்ல துணை; ஆனால் நீங்கள் செய்யாததையும், தொடாத மென்பொருளையும் கூச்சமில்லாமல் சேர்த்துவிடும். நீங்கள் ஒரு முறை பார்த்த மென்பொருளும் தினமும் புழங்கிய மென்பொருளும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதும் இதே ரகம். இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

இன்னொரு காரணம், குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு தெரியாதது. "புதிய கிளையைத் தொடங்கினோம்" என்றால், அதில் நீங்கள் செய்தது இடம் பார்த்ததா, ஆள் எடுத்ததா, கணக்கு வைத்ததா? அங்கே கேட்பார்கள். ரெஸ்யூமேயிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் எதிர்பார்க்கிற கேள்வியே வரும்.

கடைசிச் சுற்றில் நிற்கிறது என்றால், படிவம், ரெஸ்யூமே, லிங்க்ட்இன், பழைய நிறுவனம் கொடுத்த கடிதம் ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளையும் பதவிப் பெயர்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றுக்கொன்று மாறினால் கடிதத்தில் உள்ளதையே எல்லா இடத்திலும் போடுங்கள். நான்கும் ஒத்துப்போனால் ரெஸ்யூமே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. இனி அதைத் தொட வேண்டாம். உங்கள் துறைக்காரர் ஒருவரை எதிரே உட்காரவைத்து இன்டர்வியூவுக்குப் பழகுவதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு தடவையும் இடைவெளியைத்தான் கேட்கிறார்கள்

முதலில் தேதி எழுதிய விதம். வருடத்தை மட்டும் எழுதினால் இல்லாத சந்தேகமும் வரும். "2020–2021" என்பது 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை இரண்டு மாதமாகவும் இருக்கலாம், 2020 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை இருபத்து நான்கு மாதமாகவும் இருக்கலாம். படிக்கிறவர் குறைந்ததையே நினைப்பார். மாதமும் வருடமும் போடுங்கள். மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 06/07 என்றால் எது மாதம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

உண்மையிலேயே இடைவெளி இருந்தால் அதற்கும் ஒரு வரி கொடுங்கள். "ஏப்ரல் 2021 – ஆகஸ்ட் 2022: குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்வதற்காக விடுப்பு; இப்போது முழுநேர வேலைக்குத் தயார்." அவ்வளவு போதும். நோயின் பெயர், வீட்டு நிலவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மறைக்க முயன்ற இடைவெளியைத்தான் துருவுவார்கள் என்பதை மேசையின் மறுபக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நாங்கள் சந்தேகப்பட்டது இடைவெளியை அல்ல, பக்கத்து வேலைகளின் தேதியை இழுத்து அதை மூடியிருந்ததை. குழந்தைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்த பெண்கள் அந்த மூன்று வருடத்தைக் குற்றம்போல எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நிமிர்ந்து ஒரே வரியில் எழுதுங்கள்.

வேலையைவிட்டு நீக்கப்பட்டு அது வழக்கிலோ தகராறிலோ இருக்கிறது, அல்லது வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றால், ரெஸ்யூமேயில் ஒரு சொல்லும் எழுதுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது ரெஸ்யூமே எழுதுகிறவர் கையில் இல்லை.

## அறிகுறி: நான்கு பக்கம் போகிறது, அல்லது அரைப் பக்கம்கூட நிறையவில்லை

நீளமென்றால்: கடந்த பத்து வருடத்தை விரிவாகவும், அதற்கு முந்தியதை வேலைக்கு ஒரு வரியாகவும் வையுங்கள். பொழுதுபோக்கு, வீட்டு முகவரி முழுவதும், எல்லாவிதமான அடையாள எண்களும் போகட்டும். அடையாள எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்த ஒரு காகிதம் யார் யார் கைக்கோ போவது ஆபத்தும்கூட. இரண்டு பக்கத்துக்குள் வந்துவிடும். எழுத்தின் அளவைச் சுருக்கி இரண்டு பக்கமாக்குவது தீர்வில்லை, படிக்கிறவர் கண்ணைத்தான் பழிவாங்கும்.

குறைவென்றால், நீங்கள் பெரும்பாலும் ஃப்ரெஷர். ஸ்டோர் கீப்பரிடம் கேட்ட அதே கேள்விகளைக் கல்லூரிப் ப்ராஜெக்ட், பகுதிநேர வேலை, வீட்டுத் தொழிலில் கைகொடுத்தது, விழா நடத்தியது எல்லாவற்றிடமும் கேளுங்கள். அதற்கு மேலும் முக்கால் பக்கம்தான் வருகிறது என்றால் முக்கால் பக்கமே போதும். இட்டு நிரப்பாதீர்கள்.

## பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் முன்

மேலே சொன்னவற்றைச் செய்து, அதன் பிறகும் பதினைந்து பொருத்தமான விண்ணப்பங்கள் ஒரே கட்டத்தில் நின்றால் அப்போது ஒருவரிடம் போகலாம். துறையே மாறுகிறவர்கள், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள், மேல்மட்டப் பதவிக்குப் போகிறவர்கள், ஆய்வு வெளியீடுகளோடு கல்வித் துறைக்கு விண்ணப்பிப்பவர்கள் இவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது.

ஆளைச் சோதிப்பது எப்படி? உங்களிடம் அவர் குறைந்தது முக்கால் மணி நேரம் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். பழைய ரெஸ்யூமேயை மட்டும் வாங்கிக்கொண்டு மறுநாள் புதியதைத் தருகிறவர் சொற்களைத்தான் மாற்றித் தருவார். பிறகு நீங்களே திருத்தக்கூடிய கோப்பாகத் தருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்கள் ரெஸ்யூமே எந்த மென்பொருளையும் தாண்டும், இன்டர்வியூ உறுதி" என்று சொன்னால் வேண்டாம். அந்த உறுதியைக் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் ரெஸ்யூமே தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் உடனே பேச்சை நிறுத்துங்கள்.

போகும்போது பழைய ரெஸ்யூமேயோடு முதலில் எழுதிய அந்தத் தாளையும், உங்களுக்குப் பிடித்த மூன்று விளம்பரங்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் எதை முதலில் கையில் எடுத்துப் படிக்கிறார் என்று பாருங்கள். தாளை எடுத்தால் உட்காருங்கள்.